வரைபடத்தை ஆங்கிலத்தில் விவரிக்க எத்தனை சொற்கள் வேண்டும்?

வெளிநாட்டில் உயர்கல்வி பெற விரும்புவோர் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வுக்குத் தயாராகும் ஒருவர், வரைபடங்களையும் தரவுகளையும் விவரிப்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முழுப் பட்டியலைக் கேட்டிருக்கிறார். உயர்வைக் குறிக்க மட்டுமே இருபதுக்கு மேற்பட்ட சொற்களை மனப்பாடம் செய்துவிட்டதாகவும், ஆனாலும் எழுத உட்காரும்போது எதை எங்கே போடுவது என்று தெரியாமல் தடுமாறுவதாகவும் சொல்கிறார். பின்னாளில் அலுவலக அறிக்கைகளுக்கும் இதே சொற்கள் கைகொடுக்குமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

அவருக்குச் சொற்கள் குறைவாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வேலைக்கு முப்பது நாற்பது சொற்கள் தாராளமாகப் போதும். ஆனால் அவற்றில் ஒவ்வொன்றும் எதை எழுவாயாக ஏற்கும், 'டு', 'பை', 'அட்' போன்ற எந்த ப்ரிபொசிஷனோடு சேரும், எவ்வளவு பெரிய மாற்றத்தைத் தாங்கும் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். இவை தெரியாமல் நூறு சொற்களைச் சேர்த்தாலும் தடுமாற்றம் தீராது. ஒரே பொருள் கொண்டவை என்று பட்டியல்கள் அடுக்கித் தரும் சொற்கள் உண்மையில் ஒரே பொருள் கொண்டவை அல்ல என்பதே அதற்குக் காரணம்.

தேர்வின் அமைப்பும் இதையே சொல்கிறது. வரைபடத்தை விவரிக்கச் சொல்லும் முதல் எழுத்துப் பணிக்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஒதுக்கி, குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும். கேட்டதை நிறைவேற்றுதல், எழுத்தின் கோவை, சொல்வளம், இலக்கணம் என்ற நான்கு அளவுகோல்களுக்கும் சம மதிப்பு உண்டு. சொல்வளத்தைக் காட்டுவதற்காக ஒரு சிறிய உயர்வைப் பெரிய வார்த்தையால் சொன்னால், அந்தச் சொல் தவறாகிப்போவதோடு தரவும் தவறாகிவிடுகிறது. ஒரே பிழைக்காக இரண்டு இடங்களில் மதிப்பெண் போகிறது.

முதலில் எழுவாய். வரைபடத்தில் உயர்வது கார்களோ மாணவர்களோ அல்ல. கார்களின் எண்ணிக்கையும் மாணவர்களின் விகிதமும்தான். 'கார்ஸ் ரோஸ்' என்று எழுதுவதைக் காட்டிலும் 'த நம்பர் ஆஃப் கார்ஸ் ரோஸ்' என்று எழுதுவதே சரியானது. எண்ணக்கூடியவற்றுக்கு 'நம்பர்', நீர், மின்சாரம், பணம் போன்றவற்றுக்கு 'அமௌன்ட்', முழுமையில் ஒரு பங்கைச் சொல்ல 'ப்ரப்போர்ஷன்' அல்லது 'பர்சன்டேஜ்', ஆயிரம் பேருக்கு இத்தனை, மணிக்கு இத்தனை என்று ஓர் அடிப்படையை வைத்து அளப்பதற்கு 'ரேட்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்கள் அடங்கிவிடும். ஒரு முறை முழுமையாகச் சொன்ன பிறகு, அடுத்த வாக்கியத்தில் 'த ஃபிகர்' என்று சுருக்கிக்கொள்ளலாம். 'த நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்பது ஒருமை, எனவே அதற்கு 'வாஸ்'. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்றால் மாணவர்கள் பலர் என்று பொருள், எனவே அதற்கு 'வேர்'.

அடுத்து வினைச்சொல். தமிழில் உயர்தல் வேறு, உயர்த்துதல் வேறு. தன்வினை, பிறவினை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்தப் பிரிவை அப்படியே ஆங்கிலத்திற்கும் எடுத்துச் சென்றால் பாதிப் பிழைகள் மறைந்துவிடும். 'ரைஸ்' என்பது உயர்தல், 'ரெய்ஸ்' என்பது உயர்த்துதல். வரி தானாக உயர்ந்ததுபோல் எழுத வேண்டுமானால் 'த டாக்ஸ் ரோஸ்'. அரசு உயர்த்தியது என்றால் 'த கவர்ன்மென்ட் ரெய்ஸ்டு த டாக்ஸ்'. 'இன்கிரீஸ்', 'டிகிரீஸ்' இரண்டும் இருவகையிலும் பயன்படும் என்பதால், ஐயம் வரும்போது அவற்றைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. 'ஃபால்' தன்வினை மட்டுமே. 'ரெட்யூஸ்' பெரும்பாலும் குறைத்தல் என்ற பிறவினையாகவே வரும். எண்ணிக்கை குறைந்தது என்ற பொருளில் 'த நம்பர் ரெட்யூஸ்டு' என்று எழுதுவது நம்மவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. அங்கே 'த நம்பர் ஃபெல்' என்றோ 'டிக்ளைண்டு' என்றோ வர வேண்டும்.

ஆனால் பொருளை உண்மையில் தாங்கி நிற்பவை ப்ரிபொசிஷன்களே என்பதால், இந்தத் தலைப்பில் அதிக நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு நூலகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 40,000-இலிருந்து 60,000-ஆக உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தையும் முடிவையும் சொல்ல 'ரோஸ் ஃப்ரம் 40,000 டு 60,000'. வித்தியாசத்தை மட்டும் சொல்ல 'ரோஸ் பை 20,000'. அதையே விகிதமாகச் சொல்ல 'ரோஸ் பை 50 பர்சன்ட்'. பெயர்ச்சொல்லாக மாற்றினால் 'பை' போய் 'ஆஃப்' வரும், எதில் உயர்வு என்பதற்கு 'இன்' வரும்: 'தேர் வாஸ் அன் இன்கிரீஸ் ஆஃப் 20,000 இன் த நம்பர் ஆஃப் மெம்பர்ஸ்'. ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நிற்கும் அளவுக்கு 'அட்': 'ஸ்டுட் அட் 40,000', 'பீக்ட் அட் 60,000'. உச்சத்தைப் பெயர்ச்சொல்லாக்கினால் மறுபடியும் 'ஆஃப்': 'ரீச்ட் எ பீக் ஆஃப் 60,000'.

'டு', 'பை' இரண்டும் மாறிப்போவதால் வரும் சேதம் சிறியதல்ல. 'ரோஸ் டு 20,000' என்றால் இறுதி எண்ணிக்கையே 20,000. 'ரோஸ் பை 20,000' என்றால் கூடிய அளவு 20,000. தமிழில் முதலாவதை 'இருபதாயிரமாக உயர்ந்தது' என்று 'ஆக' சேர்த்தும், இரண்டாவதை 'இருபதாயிரம் உயர்ந்தது' என்று எதுவும் சேர்க்காமலும் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தால்தான் ஆங்கிலத்திலும் 'பை' நம் கையிலிருந்து நழுவிவிடுகிறது. பங்குச் சந்தைச் செய்திகளில் 'ஷேர்ஸ் ரோஸ் 3 பர்சன்ட்' என்று 'பை' இல்லாமல் எழுதும் வழக்கம் உண்டு என்றாலும், தேர்விலும் முறையான அறிக்கையிலும் அதைச் சேர்த்தே எழுதுவது நல்லது. எழுதும்போது ஐயம் வந்தால் மனத்தில் தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்து, 'ஆக' வருகிறதா என்று கவனித்தால் போதும்; வந்தால் 'டு', வராவிட்டால் 'பை'.

சதவீதத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. வேலையின்மை விகிதம் 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்ந்தால், அது 2 சதவீத உயர்வு அல்ல. கூடியது 2 சதவீதப் புள்ளிகள், அதாவது 'டூ பர்சன்டேஜ் பாயிண்ட்ஸ்'. சதவீதக் கணக்கில் பார்த்தால் அது 40 சதவீத உயர்வு, ஏனெனில் ஐந்தில் இரண்டு என்பது 40 சதவீதம். ஒரே மாற்றத்தை ஒருவர் 2 என்றும் இன்னொருவர் 40 என்றும் சொல்லலாம், இருவருமே பொய் சொல்லவில்லை. எந்த அலகில் சொல்கிறோம் என்பதை எழுதாமல் விடும்போதுதான் படிப்பவர் ஏமாறுகிறார். சதவீதத்திலேயே அளக்கப்பட்ட ஒன்றின் மாற்றத்தைச் சொல்லும்போதெல்லாம் 'பர்சன்டேஜ் பாயிண்ட்ஸ்' என்ற தொடரைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். என் பார்வையில், பத்து அலங்கார வினைச்சொற்களைவிட இந்த ஒரு தொடர் ஓர் எழுத்தாளரின் கவனத்தை நன்றாகக் காட்டிவிடும்.

மாற்றத்தின் அளவையும் வேகத்தையும் சொல்லும் சொற்களுக்கு வருவோம். கோட்டு வரைபடத்தையும் பட்டை வரைபடத்தையும் பொருளாதாரத் தரவுகளுக்குப் பயன்படுத்திய முன்னோடி வில்லியம் பிளேஃபேர். அத்தகைய வரைபடங்கள் அடங்கிய அவருடைய 'அட்லஸ்' என்ற நூல் 1786-இல் வெளிவந்தது. வரைபடங்களின் வயது அவ்வளவுதான் என்பதால், அவற்றை விவரிக்கும் சொற்களில் பலவற்றை ஆங்கிலம் வேறு இடங்களிலிருந்து எடுத்துக்கொண்டது. 'பீக்' மலைச் சிகரம், 'பிளாட்டோ' மேட்டுநிலம், 'பிளஞ்ச்' நீரில் பாய்தல், 'சோர்' பறவை வானில் எழுதல், 'சர்ஜ்' அலை பொங்குதல். 'பிளம்மெட்' என்பது ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டி இறக்கிய ஈயக்குண்டின் பெயர். இந்த மூல அர்த்தங்களை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தச் சொல் எந்த மாற்றத்துக்குப் பொருந்தும் என்பது தானாகவே விளங்கும். 100-இலிருந்து 97-க்கு இறங்கிய ஒன்றை ஈயக்குண்டைப்போல் விழுந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதற்கு 'டிப்ட்' அல்லது 'ஃபெல் ஸ்லைட்லி' போதும். 100-இலிருந்து 30-க்குக் குறுகிய காலத்தில் சரிந்திருந்தால் 'பிளம்மெட்டட்' பொருந்தும். அதே சரிவு முப்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுக நடந்திருந்தால் பொருந்தாது. அங்கே 'டிக்ளைண்டு ஸ்டெடிலி' என்பதே உண்மை.

வினையடைகளையும் இப்படி இரண்டாகப் பிரித்துக்கொள்வது பயன் தரும். 'ஸ்லைட்லி', 'மார்ஜினலி', 'கன்சிடரப்லி', 'சப்ஸ்டான்ஷலி' ஆகியவை எவ்வளவு என்பதைச் சொல்கின்றன. 'கிராஜுவலி', 'ஸ்டெடிலி', 'ரேப்பிட்லி' ஆகியவை எந்த வேகத்தில் என்பதைச் சொல்கின்றன. 'ஷார்ப்லி' பெரிய மாற்றத்தையும் வேகத்தையும் சேர்த்தே உணர்த்தும். 'ஸ்டெடிலி' என்பதற்கு மெதுவாக என்று பொருள் கொள்கிறார்கள்; இடைவிடாமல் ஒரே சீராக என்பதே அதன் பொருள், மெதுவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 'சோர்', 'பிளம்மெட்' போன்ற சொற்களில் அளவும் வேகமும் ஏற்கெனவே அடங்கியிருப்பதால் அவற்றோடு 'ஷார்ப்லி' சேர்ப்பது வீண்.

இந்தச் சொற்களைத் தேர்வதற்கு முன் செங்குத்து அச்சைப் பார்த்துவிட வேண்டும். அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 95-இலிருந்து 100 வரை மட்டும் நீண்டிருந்தால், 96-இலிருந்து 99-க்குச் செல்லும் கோடு செங்குத்து மலைபோல் தெரியும். கண்ணுக்குத் தெரியும் சரிவை வைத்து 'ஷார்ப்லி' என்று எழுதுபவர் தாளின் வடிவத்தை விவரிக்கிறாரே தவிர தரவை விவரிக்கவில்லை. கோட்டைப் பார்த்துப் போக்கை அறிந்துகொள்ளலாம்; சொல்லைத் தேர்வு செய்வது எண்ணைப் பார்த்த பிறகுதான்.

இனி, மிகத் தேர்ந்தவர்களும் சறுக்கும் ஓர் இடத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒன்றின் அளவும் அது வளரும் வேகமும் இரண்டு வெவ்வேறு செய்திகள். உலக மக்கள்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-இல் ஏறத்தாழ 250 கோடியாக இருந்தது. 1970-களின் நடுவில் 400 கோடியானது. 2022 நவம்பரில் 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அதே காலத்தில் ஆண்டு வளர்ச்சி விகிதமோ 1960-களில் 2 சதவீதத்துக்கு மேல் சென்று உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கி, 2020-இல் 1 சதவீதத்துக்கும் கீழே வந்தது. விகிதத்தைக் காட்டும் வரைபடம் கீழே இறங்குவதைப் பார்த்து 'த பாப்புலேஷன் ஃபெல்' என்று எழுதினால் அது முழுப் பிழை. மக்கள்தொகை ஓர் ஆண்டுகூடக் குறையவில்லை, வளர்ச்சிதான் தளர்ந்தது. சரியான வாக்கியம், 'த பாப்புலேஷன் கன்டினியூட் டு ரைஸ், பட் அட் எ ஸ்லோயர் ரேட்'. 'குரோத் ஸ்லோட்' என்ற இரண்டே சொற்களும் இதையே சொல்லும்.

பணவீக்கத்திலும் இதே நிலைதான். அது 8 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது என்றால் விலைகள் குறைந்தன என்று பொருளல்ல. விலைகள் தொடர்ந்து ஏறுகின்றன, ஏறும் வேகம்தான் பாதியானது. 'இன்ஃபிளேஷன் ஃபெல்' என்பதும் 'ப்ரைசஸ் ஃபெல்' என்பதும் ஒன்றல்ல. ஆகவே எழுதத் தொடங்குமுன் வரைபடத்தின் தலைப்பையும் அச்சின் அலகையும் படித்து, இது அளவைக் காட்டுகிறதா, மாற்றத்தின் வேகத்தைக் காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் 'ஃபிளக்சுவேட்' என்ற சொல்லையும் பலர் கோடு சற்று வளைந்தாலே பயன்படுத்திவிடுகிறார்கள். அதன் எல்லையை அறிய, அமெரிக்க அறிவியலாளர் சார்ல்ஸ் டேவிட் கீலிங் 1958-இல் ஹவாய் தீவின் மௌனா லோவா ஆய்வகத்தில் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீட்டின் வரைபடம் நல்ல பயிற்சி. அந்தக் கோட்டை அருகில் பார்த்தால் ரம்பத்தின் பற்களைப்போல் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சம் தொட்டு, வட அரைக்கோளத்துத் தாவரங்கள் கோடையில் அந்த வாயுவை உறிஞ்சுவதால் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தாழ்ந்து, மறுபடி ஏறும். தள்ளி நின்று பார்த்தால் அதே கோடு இடைவிடாமல் மேலே செல்கிறது: 1959-இன் ஆண்டுச் சராசரி சுமார் 316 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு), 2024-இல் அது 424-ஐத் தாண்டியது. இதை வெறுமனே 'ஃபிளக்சுவேட்டட்' என்று சொன்னால் முக்கியச் செய்தி போய்விடும். வெறுமனே 'ரோஸ்' என்றால் பற்கள் போய்விடும். 'தி ஓவரால் ட்ரெண்ட் வாஸ் அப்வர்ட், டெஸ்பைட் ரெகுலர் சீசனல் ஃபிளக்சுவேஷன்ஸ்' என்ற ஒரே வாக்கியம் இரண்டையும் சொல்லிவிடும். ஆண்டுக்கு ஆண்டு கூடும் அளவும் 1960-களில் 1 பிபிஎம்முக்குக் குறைவாக இருந்து பிற்காலத்தில் 2-க்கு மேல் சென்றதால், 'அட் அன் இன்கிரீசிங் ரேட்' என்பதையும் சேர்க்கலாம். மக்கள்தொகை, கார்பன் டை ஆக்சைடு இரண்டுமே உயர்ந்தவைதான். ஒன்று வேகம் குறைந்து உயர்ந்தது, மற்றொன்று வேகம் கூடி உயர்ந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தவருக்கு உயர்வின் இருபது பெயர்கள் தேவைப்படா.

மாற்றமே இல்லாத பகுதிகளுக்குச் சில சொற்களே உண்டு. ஏறியோ இறங்கியோ வந்த கோடு சமமாகிவிட்டால் 'லெவல்டு ஆஃப்'. தொடக்கத்திலிருந்தே மாறாமல் இருந்தால் 'ரிமெய்ண்டு ஸ்டேபிள் அட்'. உயர்ந்த பிறகு சமமாகும் நிலைக்கே 'பிளாட்டோ' பொருந்தும்.

வட்ட வரைபடம் பங்குகளைக் காட்டுவது. அங்கே 'அக்கவுண்டட் ஃபார்', 'மேட் அப்' என்ற இரண்டும் நன்றாக உழைக்கும்: 'கோல் அக்கவுண்டட் ஃபார் 35 பர்சன்ட் ஆஃப் த டோட்டல்'. உள்ளடக்கியிருத்தல் என்ற பொருள் தரும் 'கம்ப்ரைஸ்' என்ற சொல்லுக்கு முறையான வழக்கில் முழுமையே எழுவாய், பகுதிகள் செயப்படுபொருள். இது மாறிப்போகும் என்று அஞ்சுபவர் அதைத் தவிர்த்துவிடலாம். 'மெஜாரிட்டி' என்பது பாதிக்கு மேல் இருந்தால்தான் பொருந்தும். பல பிரிவுகளில் 35 சதவீதத்தோடு முதலிடத்தில் இருப்பதற்கு 'த லார்ஜஸ்ட் ஷேர்' என்பதே சரி.

மடங்குகளைச் சொல்லும்போது 'த்ரீ டைம்ஸ் ஆஸ் மெனி ஆஸ்' என்ற அமைப்பில் குழப்பமே இல்லை: இது அதன் மும்மடங்கு. 'த்ரீ டைம்ஸ் மோர் தேன்' என்பதைச் சிலர் மும்மடங்கு என்றும், சிலர் மூன்று மடங்கு கூடுதல், அதாவது நான்கு மடங்கு என்றும் புரிந்துகொள்வதால் அதை விட்டுவிடுங்கள். அதேபோல், மும்மடங்கானது என்பதைச் சதவீதத்தில் சொன்னால் 'இன்கிரீஸ்டு பை 200 பர்சன்ட்', 300 அல்ல. 'டபுள்டு', 'ட்ரிபிள்டு', 'ஹால்வ்டு' என்ற எளிய வினைகள் இருக்கும்போது அவற்றையே பயன்படுத்துவது நல்லது.

காலத்தைப் பொறுத்தவரை விதி எளியது. வரைபடம் 1990 முதல் 2010 வரை என்றால் முழுவதும் கடந்த காலம். ஓர் ஆண்டிலிருந்து இன்றுவரை நீள்வதற்கு 'ஹாஸ் ரிசன் சின்ஸ் 2010'. முன்கணிப்புகளுக்கு 'இஸ் ப்ரொஜெக்டட் டு', 'இஸ் எக்ஸ்பெக்டட் டு' என்று எழுத வேண்டும். கணிப்பை நடந்துவிட்ட செய்தியாக எழுதக் கூடாது. 'பிட்வீன் 1990 டு 2010' என்ற பிழையான கலவையைக் கவனியுங்கள்: 'பிட்வீன்' வந்தால் 'அண்ட்', 'ஃப்ரம்' வந்தால் 'டு'.

தேர்வில் இன்னொன்றும் தேவை: வரைபடம் முழுவதையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லும் பொதுப்பார்வை. 'ஓவரால்' என்று தொடங்கி, எண்கள் எதையும் கொடுக்காமல், மிகப் பெரிய போக்கையும் மிக முக்கியமான வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் வரிசையாக ஒப்பிப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். காரணங்களை ஊகிப்பதற்கும் சொந்தக் கருத்துக்கும் அந்தப் பணியில் இடமில்லை.

அலுவலக அறிக்கைக்கு இதே சொற்கள் போதும். ஆனால் அங்கே காரணங்களையும் சொல்ல வேண்டியிருப்பதால் கூடுதல் எச்சரிக்கை தேவை. 'சிக்னிஃபிகன்ட்' என்பது பொது வழக்கில் குறிப்பிடத்தக்க என்று பொருள் தந்தாலும், புள்ளியியல் அறிந்தவர் படிக்கும் அறிக்கையில் அது, மாற்றம் வெறும் தற்செயலா என்று பார்க்கும் ஒரு கணக்குச் சோதனையின் முடிவைக் குறிக்கும். சோதனை செய்யவில்லை என்றால் 'சப்ஸ்டான்ஷல்' என்று எழுதுங்கள். 'எக்ஸ்பொனென்ஷலி' என்பது மிக வேகமாக என்பதல்ல. சம கால இடைவெளிகளில் ஒரே மடங்கால் பெருகுவதையே அது குறிக்கும். இரண்டு கோடுகள் சேர்ந்து உயர்ந்தால் 'கோரிலேட்டட் வித்' என்று சொல்லலாம். 'காஸ்டு' அல்லது 'லெட் டு' என்று சொல்ல வேறு சான்று வேண்டும். அந்தச் சான்று கையில் இல்லாதபோது 'கோஇன்சைடட் வித்' என்பது நேர்மையான சொல். தோராயமான எண்களுக்கு 'ஜஸ்ட் ஓவர்', 'நியர்லி', 'ரஃப்லி' ஆகியவற்றைப் பொருளறிந்து பயன்படுத்துங்கள்: 'நியர்லி' எண்ணைத் தொடாமல் கீழே நிற்பது, 'ஜஸ்ட் ஓவர்' தாண்டிச் சற்று மேலே நிற்பது, 'ரஃப்லி' இரு பக்கமும் சேர்ந்தது. 49.6 சதவீதத்தை 'நியர்லி ஹாஃப்' என்றும் 50.4 சதவீதத்தை 'ஜஸ்ட் ஓவர் ஹாஃப்' என்றும் எழுதினால், முதலாவது பெரும்பான்மை அல்ல, இரண்டாவது பெரும்பான்மை என்பது எண்ணைப் பார்க்காமலேயே படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.